முதலாளி சங்க உறுப்பினர். கணக்கரின் மகளுக்கு உதவித்தொகை கிடைக்குமா?

கேள்வி: என் கணவர் காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் 14 வருடமாகக் கணக்கு எழுதுகிறார். கடை முதலாளி அங்குள்ள வியாபாரிகள் சங்கத்தில் உறுப்பினர். ‘உறுப்பினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், உறுப்பினர் கடைகளில் வேலை பார்ப்போரின் பிள்ளைகளுக்கும்’ கல்வி உதவித்தொகை தருவதாகச் சங்கத்தில் அறிவித்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 31 கடைசி நாள். என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 600-க்கு 541 எடுத்து, காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். எங்கள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. பெரிய முதலாளி போன வருடம் காலமாகிவிட்டார். இப்போது அவர் மகன்தான் கடையைப் பார்க்கிறார். சம்பளம் கையில் தருகிறார்கள். வேலைக்கான ஆர்டர் எதுவும் கிடையாது. எங்களுக்குக் கிடைக்குமா? இதை வாங்கினால் அரசின் புதுமைப் பெண் திட்டப் பணம் நின்றுவிடுமா? முதலாளியிடம் கடிதம் கேட்க என் கணவர் கூச்சப்படுகிறார்.
ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: சகோதரி, கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் மகளின் மதிப்பெண் பட்டியலை நகல் எடுக்க ஓடுவதற்கு முன்னால், கடையின் உறுப்பினர் எண் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று உங்கள் கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘பெரிய முதலாளி காலமாகிவிட்டார்’ என்ற வரியில்தான் இந்த விண்ணப்பத்தின் தலையெழுத்து இருக்கிறது.

வியாபாரிகள் சங்க உதவித்தொகையில், விண்ணப்பம் வந்ததும் முதலில் திறப்பது உறுப்பினர் பதிவேட்டைத்தான். அந்தக் கடை உறுப்பினரா, சந்தா கட்டியிருக்கிறதா, எத்தனை வருடமாக உறுப்பினர் என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மாணவர் பக்கம் வருவார்கள். முதல் மூன்றில் ஒன்று இடித்தாலும் உங்கள் மகளின் 541-ஐ யாரும் படிக்கப் போவதில்லை. தள்ளுபடியாகும் பல விண்ணப்பங்களில் குற்றம் பிள்ளைகள் பக்கம் இருப்பதில்லை. உறுப்பினர் தரப்புத் தாள்தான் பழுதாக இருக்கும். அதைச் சரிசெய்ய முதலாளியால்தான் முடியும். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

கடை கூட்டு நிறுவனமாக இருந்து, உறுப்பினர் பதிவு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் பெரிய தொல்லை இல்லை. ஒரு பங்குதாரர் போனாலும் தொழில் தொடரும் என்று பங்குதாரர்களின் ஒப்பந்தப் பத்திரத்தில் இருந்தால், மாற்றிய பத்திரத்தின் நகல் போதும். தனி உரிமையாளர் கடை என்றால் கதை வேறு. பெரியவரோடு அவருடைய பதிவும் முடிந்துவிட்டது; மகன் நடத்துவது தாள் கணக்கில் புதுக் கடை.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். கடையின் பழைய பில் புத்தகம் ஒன்றையும் புதியது ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு 33, அது தமிழ்நாடு. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். பெரியவரின் பான் வேறு, மகனின் பான் வேறு. ஆகவே மகன் முறைப்படி புதிய பதிவு எடுத்திருந்தால் எண் மாறியிருக்கும். சங்கப் பதிவேட்டில் இன்னும் பழைய எண்ணே கிடக்கும். விண்ணப்பத்தில் ‘நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்’ என்ற கட்டத்தில் நீங்கள் புதியதை எழுத, அங்கே பழையது இருக்க, ‘இந்தக் கடை நம் உறுப்பினர் இல்லையே’ என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். இத்தனைக்கும் கடை அதே தெருவில், அதே பெயர்ப் பலகையோடு இருக்கும்.

சின்ன முதலாளி செய்ய வேண்டியது இது. சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம்: தந்தையார் பெயரில் உள்ள உறுப்பினர் பதிவைத் தன் பெயருக்கு மாற்றும்படியும், அதைப் புதுச் சேர்க்கையாகக் கொள்ளாமல் தொடர்ச்சியாகக் கொள்ளும்படியும் கேட்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, புதிய ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, நடப்பு வருடச் சந்தா ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். ‘தொடர்ச்சி’ என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். இரண்டு மூன்று வருடம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கும் சங்கங்கள் பல. புதுச் சேர்க்கை என்று எழுதிவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பெயர் மாற்றத்துக்குப் பொதுவாகச் செயற்குழுத் தீர்மானம் வேண்டும். செயற்குழு பெரும்பாலும் மாதம் ஒருமுறைதான் கூடும். ஆகஸ்டுக் கூட்டம் எந்தத் தேதி என்று சங்க அலுவலகத்தில் கேளுங்கள். அந்தக் கூட்டத்தைத் தவறவிட்டால் 31-ஆம் தேதியும் போனதுபோலத்தான்.

அதே நடையில் இன்னும் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். ஒரு கடைக்கு ஒரு பிள்ளைக்குத்தான் உதவி என்று வரம்பு இருக்கிறதா? இருந்தால், முதலாளி வீட்டிலிருந்தோ கடையில் வேலை பார்க்கும் வேறொருவர் வீட்டிலிருந்தோ இந்த வருடம் யாராவது விண்ணப்பிக்கிறார்களா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அடுத்து, பணம் தருவது சங்கமா, சங்கம் தொடங்கிய அறக்கட்டளையா? அறக்கட்டளை என்றால், அறங்காவலர்களுக்கும் பெரும் நன்கொடையாளர்களுக்கும் அவர்களின் நெருங்கிய உறவுகளுக்கும் பலன் போனால் வருமான வரி விலக்குக்கே ஆபத்து. அதனால் அத்தகைய இடங்களில் முதலாளி வீட்டுப் பிள்ளைக்குத்தான் சங்கடம். வேலை பார்ப்பவரின் பிள்ளைக்கு இல்லை.

இனி கடிதம். ‘ஆர்டர் இல்லை, சம்பளம் கையில்’ என்பது காரைக்குடிக் கடைவீதியில் அதிசயமில்லை. சங்கத்தார் எல்லோரும் கடைக்காரர்கள்தான், அவர்களுக்குத் தெரியாததா? ஆனாலும் கோப்பில் ஒரு தாள் இருந்தாக வேண்டும். கடையின் முகப்புத் தாளில், முத்திரையோடு, இந்த அளவுக்கு எழுதினால் போதும்:

‘எங்கள் நிறுவனம் தங்கள் சங்கத்தில் உறுப்பினர் எண் ____. என் தந்தையார் நடத்தி, தற்போது நான் தொடர்ந்து நடத்திவரும் இக்கடையில் திரு. ____ அவர்கள் ____ ஆண்டு ____ மாதம் முதல் இடைவெளியின்றி முழுநேரக் கணக்கராகப் பணிபுரிந்து வருகிறார். தற்போதைய மாதச் சம்பளம் ரூ. ____. செல்வி ____ இவருடைய மகள். இவர்கள் எங்கள் குடும்பத்துக்கு உறவினர் அல்லர்.’

ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. ‘தந்தையார் நடத்தி, நான் தொடர்ந்து’ என்று எழுதாவிட்டால், புதுப் பதிவு எடுத்த நாளிலிருந்துதான் உங்கள் கணவரின் வேலைக்காலம் எண்ணப்படும். பதினான்கு வருடம் பதினான்கு மாதமாகச் சுருங்கிவிடும். ‘முழுநேரம்’ இல்லாவிட்டால், மாதத்தில் நாலு நாள் நாலு கடைக்குக் கணக்கு எழுதுபவர் என்று நினைக்க இடம் இருக்கிறது. கணக்கு எழுதுபவர்களுக்கு இந்தச் சந்தேகம் எப்போதும் வரும். கடைசி வரி எதற்கென்றால், உறுப்பினர் குடும்பத்துக்கும் பணியாளர் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்கியிருந்தால் உங்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்ற குழப்பம் வராது. பழைய வழக்கத்தில் மேலாள், அடுத்தாள், கணக்கப்பிள்ளை என்று எப்படி அழைத்தாலும், தாளில் ‘கணக்கர்’ என்றே இருக்கட்டும்.

கடிதத்தோடு ஒரு துணைச் சான்று வையுங்கள். கடையில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தால் அந்த அட்டையைவிட நல்ல சான்று கிடையாது. அதில் நிறுவனத்தின் பெயரும் இருக்கும், குடும்பத்தார் பெயரும் இருக்கும். இல்லையென்றால் சம்பளப் பதிவேட்டில் கடந்த ஆறு மாதப் பக்கங்களின் நகல், முதலாளி கையொப்பத்தோடு. பதிவேடும் இல்லை, வவுச்சர்தான் என்றால் வவுச்சர் நகலே போதும். பேரேட்டில் சம்பளக் கணக்கை எழுதுவதே உங்கள் கணவர்தான் என்பதால், அவரே எழுதி அவரே கையொப்பமிட்ட நகலைக் கொடுத்துவிடாதீர்கள். முதலாளியின் கையொப்பம் இல்லாமல் அது செல்லாது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நிறையப் பேர் விழுகிறார்கள். வருமானச் சான்றில் ஆண்டு வருமானம் 72,000 என்று இருக்கும். முதலாளி கடிதத்தில் மாதச் சம்பளம் 16,000 என்று இருக்கும். அதாவது ஆண்டுக்கு 1,92,000. இரண்டு தாளும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து. வியாபாரிகள் உட்கார்ந்திருக்கும் குழு இந்தப் பெருக்கலை மனக்கணக்கிலேயே போட்டுவிடும். 1,92,000 என்பதற்காக யாரும் மறுக்கப் போவதில்லை. இரண்டு தாளில் ஒன்று பொய் என்பதற்காகத்தான் மறுப்பார்கள். பழைய சான்றை அப்படியே நகல் எடுக்காமல் இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பித்து, உண்மைச் சம்பளத்தைச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் அந்த மேசைகளில் கூட்டம் அதிகம், எனவே இந்த வாரமே போட்டுவிடுங்கள். சான்று ஓராண்டுக்குச் செல்லும். கல்லூரிக்கும் அதுவே உதவும்.

செலவு விவரம் கேட்கும் கட்டத்தில் உண்மையாகக் கையிலிருந்து போவதை மட்டும் எழுதுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை கற்பிப்புக் கட்டணத்தில் கழிந்துவிடும். அதைக் கழித்த பிறகு கல்லூரி ரசீதில் என்ன தொகை இருக்கிறதோ அதுதான் கட்டணம். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்குப் பேருந்துச் செலவு என்று ஒரு தொகை போடாதீர்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு வரி மற்ற வரிகளையும் சந்தேகப்பட வைத்துவிடும். தேர்வுக் கட்டணம், பாட நூல்கள், அறிவியல் கால்குலேட்டர், வரைபடக் கருவி, பணிமனைச் சீருடை என்று ரசீது காட்டக்கூடியதைப் போடுங்கள். தொகை சிறியதாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். ‘ஏன் உதவி தேவை’ என்ற பத்தியை மகளே தன் கையால் எழுதட்டும். கடையிலிருந்து வரும் எல்லா விண்ணப்பத்திலும் ஒரே ஆள் எழுதிய ஒரே பத்தி இருப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர்கள் அவர்கள்.

புதுமைப் பெண் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிற்காது. வேறு உதவித்தொகை பெறும் மாணவிகளும் மாதந்தோறும் வரும் அந்த 1,000 ரூபாயைக் கூடுதலாகப் பெறலாம் என்பது திட்டத்திலேயே இருக்கிறது. முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்ததை 2024-இல் அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவிகளுக்கும் விரித்ததால்தான் உங்கள் மகளுக்கும் வருகிறது. ஆனால் எல்லாத் திட்டமும் இப்படி இல்லை. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் மத்திய அரசு தரும் கல்லூரி உதவித்தொகை, வேறு எந்த உதவித்தொகையும் வாங்காதவர்களுக்கு மட்டும். அதில் முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000 ரூபாய். புதுமைப் பெண்ணிலும் கூட்டினால் அதே 12,000. அதற்காக இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதில் அர்த்தமில்லை.

பார்க்க வேண்டியது, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முதலாண்டு சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய்; குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; கடைசித் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதன் உறுதிமொழிப் பகுதியில் மற்ற உதவிகள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படித்துவிட்டு, கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் கேட்டுவிட்டு மகள் கையொப்பமிடட்டும். சங்க விண்ணப்பத்திலும் ‘வேறு உதவி பெறுகிறீர்களா’ என்று கேட்டால் புதுமைப் பெண்ணையும் முதல் பட்டதாரிச் சலுகையையும் மறைக்காமல் எழுதுங்கள். படிப்புச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு வருமான வரி கிடையாது. அந்தப் பயம் வேண்டாம்.

பணம் வரும் வழியிலும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளியில் படிக்கும்போது திறந்த வங்கிக் கணக்குத்தான் மகளிடம் இருக்கும். 18 வயது முடிந்திருந்தால் அந்தச் சிறார் கணக்கைப் புதிய கையொப்பமும் அடையாளச் சான்றும் கொடுத்துப் பெரியவர் கணக்காக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வந்த பணத்தை எடுக்க முடியாமல் நிற்பீர்கள். முழு ஆவணம் தராமல் திறந்த சிறு கணக்கு என்றால் இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது, ஒரு வருடத்தில் மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. பிரகதியும் சங்கப் பணமும் ஒரே சமயத்தில் வந்தால் அந்த வரம்பு இடிக்கும்.

சங்கங்கள் விழா மேடையில் காசோலையாகக் கொடுப்பதும் உண்டு. வங்கிப் புத்தகத்தில் பெயரும் இன்ஷியலும் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அப்படியே விண்ணப்பத்திலும் எழுதுங்கள். இன்ஷியல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக ஒன்று என்று மூன்று விதமாக இருந்தால் காசோலை திரும்பும். பெயரை அடித்துத் திருத்திய காசோலையை வங்கி ஏற்காது. புதிதுதான் எழுத வேண்டும். காசோலை தேதியிட்ட நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். விழாப் புகைப்படத்தோடு சேர்த்துப் பீரோவில் வைத்துவிட்டு பொங்கலுக்கு எடுக்கும் வீடுகளும் உண்டு!

கூச்சத்துக்கு வருவோம். உங்கள் கணவர் கேட்கப் போவது முதலாளியின் பணத்தை அல்ல. அவர் சந்தா கட்டும் சங்கம், அவர் கடையில் உழைப்பவருக்கென்று ஒதுக்கிய இடம் அது. இந்த மண்ணில் வியாபாரக் காசு படிப்புக்குப் போவது புதிதா? உங்கள் மகள் படிக்கப் போகும் கல்லூரியை 1952-இல் தொடங்கியவர் அழகப்பச் செட்டியார்; பக்கத்தில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவரும் அவரே. ஆனால் நேரம் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் தொடங்கிவிட்டால், சீர்ப் பாத்திரம் எடுக்க வரும் கூட்டத்தில் முதலாளி நிமிர்ந்து பார்க்கவும் நேரம் இருக்காது. ஆடிக்குள், கடை சாத்தும் நேரத்தில், கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கையொப்பம் மட்டும் கேட்பது எளிது. உறுப்பினர் பெயர் மாற்றக் கடிதத்தையும் அப்போதே சேர்த்து நீட்டலாம். அது முதலாளிக்கும் ஆக வேண்டிய வேலைதான், சங்கத்தில் அவருடைய வாக்குரிமை அதில் இருக்கிறது. உதவித்தொகை வந்துவிட்டதே என்று தீபாவளி போனஸில் கை வைத்தால் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஒருவேளை பெயர் மாற்றம் தாமதமாகிச் சங்கத்தில் இந்த வருடம் நடக்கவில்லை என்றால், தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தின் கல்வி உதவித்தொகை இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள், தொழிலாளர் நல நிதிக்கு வருடம் ஒருமுறை சிறு தொகை கட்ட வேண்டும். உங்கள் கணவர் கடையில் அது கட்டப்படுகிறதா என்று அவரே பேரேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். கட்டியிருந்தால், சம்பள உச்சவரம்புக்குள் இருந்தால், அதே முதலாளிக் கடிதமும் அதே வருமானச் சான்றும் அங்கேயும் பயன்படும். அதற்குக் கடைசி நாள் வழக்கமாக டிசம்பர் 31. ஆகவே இப்போது எடுக்கும் எல்லாத் தாளிலும் இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.